எல்லாப் பாடத்துக்கும் ஒரே பூசணி

ஒரு காட்டில், கூரை ஒழுகுகிற ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஐந்தாம் வகுப்பை நடத்தியவர் செண்பகவல்லி டீச்சர் என்கிற முள்ளம்பன்றி. ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. இந்த வருடமாவது வேலை நிரந்தரமாகுமா என்ற கவலையில் அவருக்கு ஒரு நாளைக்கு நாலு முள் உதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘இனி எல்லாப் பாடங்களையும் ஒரே காயைக் கொண்டு நடத்த வேண்டும். காய்: பூசணி. பத்தாம் நாள் ஆய்வு.’

மறுநாளே டீச்சர் ஒரு மஞ்சள் பூசணியை முதுகு முள்ளில் குத்தித் தூக்கி வந்தார். அதைப் பிடுங்கி இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

முதலில் தமிழ். “இது என்ன?” என்று கேட்டார்.

“பூசணி” என்றது முயல்.

“பரங்கி” என்றது ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் மான். “எங்க பக்கம் பூசணின்னா வெள்ளையா இருக்கும்.”

“இது மஞ்சப் பூசணிடா!”

சண்டை இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் டீச்சர் கணக்குக்குத் தாவினார். சுற்றளவு எடுக்க அளவுநாடா இல்லை. சாரைப்பாம்பு நீலகண்டன் எழுந்து வந்து பூசணியைச் சுற்றிக்கொண்டான். ‘சுற்றளவு: முக்கால் நீலகண்டன்’ என்று எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது அறிவியல். பூசணி மிதக்குமா என்று ஓடையில் போட்டார்கள். மிதந்தது. நிற்காமல் போய்க்கொண்டும் இருந்தது. துரத்திப் பிடிப்பதற்குள் மூன்று பள்ளத்தாக்கும் ஒரு சதுப்புநிலமும் தாண்டியாயிற்று. அதைப் புவியியலில் சேர்த்துக்கொண்டார் டீச்சர்.

கரடிக்குட்டி பூங்கோதைக்கு மட்டும் எல்லா வகுப்பிலும் ஒரே சந்தேகம். “டீச்சர், எப்ப வெட்டுவோம்?”

“வெட்டணும்னா பதினேழாம் படிவம் எழுதிப் போட்டு அனுமதி வாங்கணும்மா.”

“உள்ளே எத்தனை விதைன்னு தெரிய வேண்டாமா?”

“விதை ஆறாம் வகுப்புப் பாடம்.”

பத்தாம் நாள் காலை. வகுப்பில் பூசணி இல்லை. காம்பு மட்டும் கிடந்தது. பக்கத்தில் பூங்கோதை உருண்டையாகப் படுத்திருந்தாள்.

“நீயா?” என்றார் டீச்சர்.

“படிச்சு முடிச்சிட்டேன் டீச்சர். விதை இருநூத்திப் பதினாறு.”

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். உட்கார்ந்த வேகத்தில் பதினோரு முள் உதிர்ந்தது. பூங்கோதைக்கு மனசு கேட்கவில்லை. “அழாதீங்க டீச்சர். நானே பூசணியா உக்காந்துக்கறேன்.”

மஞ்சள் குழைத்து அவள் மேல் பூசினார்கள். தலையில் காம்பை வைத்தார்கள். ஆய்வாளர் குள்ளநரி கையில் டேப்லெட்டுடன் உள்ளே வந்தார்.

“பூசணிக்கு எதுக்குக் காது?”

“புது ரகம் சார்.”

ஆய்வாளர் செயலியைத் திறந்தார். அதில் ‘பூசணி’, ‘பூசணி அல்ல’ என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவதை அமுக்கினால் எட்டுப் பக்க விளக்கம் எழுதி, மூன்று பிரதி எடுத்து, மலைமேல் போய்க் கொடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரம் வேறு. அவர் முதல் கட்டத்தை அமுக்கினார். அப்புறம் கடமைக்குப் பூசணியைத் தட்டிப் பார்த்தார். அது ஏப்பம் விட்டது.

“நல்லா முத்தியிருக்கு” என்று குறித்துக்கொண்டார்.

நீலகண்டன் மறுபடி சுற்றினான். இந்தத் தடவை சுற்றளவு ஒன்றே கால் நீலகண்டன்.

“பறிச்ச பிறகும் வளர்ந்திருக்கே! இதுதான்யா கற்பித்தல்!” என்றார் ஆய்வாளர், நோட்டிலிருந்த பழைய அளவைப் பார்த்து.

அன்றைக்கே டீச்சரின் வேலை நிரந்தரமானது. ஆய்வுக்கு வராத மாணவி என்று பூங்கோதையின் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டது. பூசணியை மட்டும் மாதிரிக் காயாக அறிவித்துத் தலைமையாசிரியர் மேசைமேல் வைத்தார்கள். கெடாமலிருக்கத் தினமும் இரண்டு வேளை தேன் தடவ வேண்டும் என்று உத்தரவு.

டீச்சருக்கு உறுத்தியது. மேசையருகே போய்க் கிசுகிசுத்தார். “வகுப்புக்கு வந்துடும்மா. நாளைக்குப் பதிமூணாம் வாய்ப்பாடு நடத்தறேன்.”

பூங்கோதை தேனை நக்கியபடி யோசித்தாள். “டீச்சர், காய்கறி பேசாது” என்றாள்.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் அறை வாசலில் நீண்ட வரிசை. முள்ளங்கியாகச் சேர முயல் மனு கொடுத்தது. மான் வெண்டைக்காய்க்குக் கேட்டது. கொம்பு இடித்ததால் தள்ளுபடி. நீலகண்டன் மட்டும் நேர்காணலே இல்லாமல் புடலங்காயாகத் தேர்வானான்.

நீதி: பிள்ளைகளே, பாடத்தை நன்றாகச் செரித்துக்கொள்ளுங்கள். மீதியை ஆய்வாளர் எழுதிக்கொள்வார்.