மூன்று பேரும் ஒத்துக்கொண்ட வழக்கு

குழந்தை தன்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் திருமலைச்சாமி பூண்டைப் பற்றிப் பேசிவிட்டார்.

"நதியா என்னைய விட்டுட்டுப் போனப்புறம் அது மூஞ்சியையே நான் பாக்கலைங்க ஐயா," என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். பழனி கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அருள்தாஸுக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்குள் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு தடவ மட்டும் செண்பகனூருல அது வீட்டுக்குப் பூண்டு குடுக்கப் போனேங்க. அருள்தாஸ் தம்பி வண்டியெடுத்துட்டு வெளியூரு போயிருந்தாப்ல. மழை பிடிச்சுக்கிச்சு. தங்கிட்டு வெள்ளனே கெளம்பிட்டேன்."

எப்போது என்று நீதிபதி கேட்டார். கண்மணி பிறப்பதற்கு முந்தின வருஷம் என்றார் திருமலைச்சாமி, கொஞ்சமும் கூச்சமில்லாமல். வக்கீல் சேனாதிபதி தலையில் கை வைத்துக்கொண்டார்.

உண்மையில் இதைவிடச் சிக்கலில்லாத வழக்கு அந்தக் கோர்ட்டுக்கு வந்திருக்காது. மேல்மலையில் பூண்டு போடும் திருமலைச்சாமியோடு ஒத்துப்போகாமல் நதியா கீழே இறங்கி வந்துவிட்டாள். செண்பகனூரில் சுற்றுலா வேன் ஓட்டும் அருள்தாஸோடு குடித்தனம் நடத்திக் கண்மணியைப் பெற்றாள். முறைப்படி விவாகரத்து வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான் சட்டம் குறுக்கே வந்து உட்கார்ந்தது. கல்யாணம் ரத்தாகாத வரைக்கும் மனைவிக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் புருஷன்தான் அப்பன். இருவரும் சேர்ந்திருக்க வழியே இல்லை என்று நிரூபித்தால்தான் விடுதலை.

பெற்றவள் அருள்தாஸைக் கை காட்டினாள். புருஷன் தான் இல்லை என்றார். அருள்தாஸ் நான்தான் என்றான். மூன்று பேரும் ஒரே பேச்சாக நின்றதாலேயே நீதிபதிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அருள்தாஸ் கேட்டதெல்லாம் ஒன்றுதான். மகளின் பெயருக்கு முன்னால் தன் பெயரின் முதலெழுத்து இருக்க வேண்டும்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் மலையேறினார்கள். கண்மணி திருமலைச்சாமியின் மடியிலேயே தூங்கிப்போனாள். சத்தியம் பண்ணிவிட்டு எப்படி மறைப்பது என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். தங்களுக்காக இவ்வளவு தூரம் அலைகிற மனுஷனை என்னவென்று திட்டுவது? அருள்தாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் கேட்டான். ஒரு பல் பூண்டுகூட வரவில்லை என்றாள் நதியா. அவன் நம்பினான். ஆனால் வேன் ஓட்டும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது. தனக்கே பாதகமாக ஒருத்தர் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? பிள்ளையின் மூக்கை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான். மறுபடியும் ஒருநாள் கேட்டும்விட்டான். அதற்கப்புறம் நதியா, "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு," என்று மகள் மூலமாகத்தான் அவனோடு பேசினாள்.

திருமலைச்சாமி ஊரைவிட்டு நகரவே இல்லை என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்றார் சேனாதிபதி. கவலையே வேண்டாம் என்று திருமலைச்சாமியே பக்கத்துக் காட்டு முருகம்மாளைக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் கூண்டில் ஏறி நின்று கும்பிட்டுவிட்டு, "மாசத்துக்கு ரெண்டு தரம் வேட்டிய வெளுத்துக் கட்டிக்கிட்டு செண்பகனூருக்குக் கெளம்பிருவாருங்க," என்றாள். நீதிபதியே அருள்தாஸைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அன்றைக்குக் கோர்ட் வாசலில் உட்கார்ந்து திருமலைச்சாமி கண்மணிக்குப் பஞ்சாமிர்தம் ஊட்டினார். பிசுபிசுத்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், பிள்ளையை இறக்கிவிட மறந்து இடுப்பில் வைத்தபடியே உள்ளே வந்து நின்றார். வாதிட வேறு எதுவும் மிச்சமில்லை என்று சேனாதிபதி முணுமுணுத்தார்.

கடைசியில் டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவானது. அதற்கு முதல் ஆளாகச் சம்மதம் சொன்னவர் திருமலைச்சாமிதான். மதுரையில் நதியாவும் அருள்தாஸும் பிள்ளையோடு காத்துக் கிடந்தார்கள், அவர் வரவில்லை. ரோட்டில் பாறை விழுந்துவிட்டதாகப் பிறகு ஆள் மூலம் செய்தி வந்தது. அடுத்த தடவை காய்ச்சல் என்று வந்தது.

இப்போது அருள்தாஸுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. தன் பிள்ளை இல்லை என்று தெரிந்தவர் எதற்காகப் பரிசோதனைக்கு ஒளிய வேண்டும்? அவன் வாய் திறந்து கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே நதியா புரிந்துகொண்டாள். பல நாளைக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசினாள்.

"நீங்களே போயிக் கேட்டுட்டு வாங்க. மனசுல அதை வச்சுக்கிட்டு எம்புள்ளையத் தூக்காதீங்க."

செல்போன் டவர் இன்னும் மேல்மலைக்கு எட்டாத காலம் அது. அருள்தாஸ் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் எங்கேயும் பாறை விழுந்த தடம் இல்லை. திருமலைச்சாமியின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் காட்டில் முருகம்மாள் பிடுங்கிய பூண்டைத் தாளோடு கற்றையாக முடிந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

அருள்தாஸ் சுற்றி வளைக்கவில்லை. மாசத்துக்கு ரெண்டு தரம் போனார் என்றது நிஜமா என்று கேட்டான். என் பொண்ணா, அவர் பொண்ணா என்று தெரிந்தால் போதும் என்றான். முருகம்மாள் கையிலிருந்த பூண்டுக் கற்றையைக் கீழே போட்டுவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"அந்த மனுசன் செண்பகனூரு தெசைக்கே போனதில்ல தம்பி, கேசு முடிஞ்சுபோச்சுன்னா கண்மணிய எந்தச் சாக்குல போயிப் பாக்குறதுன்னு எங்கிட்ட உக்காந்து அழுதாரு."