வலி எந்தக் கட்டத்தில் வரும்?

பிரிப்பவர்கள் என்றொரு இனம் உண்டு. தட்டில் சோற்றைப் போட்டால், இது காலைச் சாப்பாட்டின் கடைசியா, மதியச் சாப்பாட்டின் தொடக்கமா என்று முடிவு செய்யாமல் கை நனைக்க மாட்டார்கள். பசித்தால்? பசியையும் பிரிப்பார்கள்.

நாகல் நகர் ராயப்பராஜ் இந்த இனத்தில் அசல். நர்சிங் கல்லூரியில் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ், அவர் தமிழில் நலத் தகவலியல், நடத்துகிறார். நோயாளியின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் கொடுப்பது என்று ஒரே வரியில் நீங்கள் சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். டாக்டர் கேட்டால் மருத்துவத் தகவலியல், நர்ஸ் கீபோர்டில் தட்டினால் செவிலியத் தகவலியல், நோயாளியே சொன்னால் நுகர்வோர் தகவலியல், ஊருக்குப் பரவினால் பொதுச் சுகாதாரத் தகவலியல் என்று பலகை கொள்ளாமல் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் கட்டம் போட்டு, மணி அடித்த பிறகும் அம்புக்குறி இழுத்துக்கொண்டிருப்பார். முதல் பாடம், வரையறை. ஜூனில் ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை.

போன வாரம் அவருக்கே வயிற்றுவலி. சுருண்டு விழுந்தவரை மனைவி வியாகுலம்மாள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த நர்ஸ் மரியசெல்வி அவரிடம் படித்தவள்.

"சார், எந்தப் பக்கம் வலிக்குது?"

"இரும்மா. நான் சொன்னா நுகர்வோர். நீ தட்டுனா செவிலியம். எதுல சேர்க்கப் போற?"

"அப்பெண்டிக்ஸா இருந்தா வெடிச்சுரும் சார். பக்கத்த மட்டும் சொல்லுங்க."

"பக்கம்னா என்ன? மொதல்ல வரையறை."

வியாகுலம்மாள் அழுதே விட்டார். "ஏங்க, உசுரு போயிருச்சுன்னா அத எந்தக் கட்டத்துல போடுவாக?"

ராயப்பராஜ் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நல்ல கேள்வி என்று பட்டது. அதற்குள் மரியசெல்வி வலப்பக்க அடிவயிற்றில் விரலை வைத்து அழுத்திவிட்டாள்.

"சேசு மரி சூசையே!"

ராயப்பராஜ் போட்ட அலறலில் வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் ஓடி வந்தார். ஆபரேஷன் நடந்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார்.

மயக்கம் தெளிந்ததும் அவர் தேடியது மனைவியை அல்ல. "செல்வி, நான் கத்துனேன்ல? சொன்னது நோயாளி, கேட்டது நர்ஸ், வந்தது டாக்டர், பரவுனது வார்டு பூரா. நாலு கட்டத்துலயும் வருதேம்மா!" என்று கண்கலங்கினார்.

"தையல் பிரிஞ்சுரும், பேசாம படுங்க" என்றார் வியாகுலம்மாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்தபடியே, இந்த ஆள் நம் ஆபீஸ் மேனேஜர் வகையா, இல்லை மாமனார் வகையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? எதற்கும் வலப்பக்க அடிவயிற்றைக் கொஞ்சம் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.