வடிவாம்பாள் பூசிய பசை

ஒரு காட்டில், மூச்சு விடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மனுப் போட வேண்டியிருந்த காலத்தில், வடிவாம்பாள் என்றொரு பல்லி இருந்தாள். குடை மாதிரி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பாறையின் அடிப்புறத்தில், தலைகீழாகத் தொங்கியபடி, ஒரு வெடிப்புக்குள் இரண்டு முட்டை இட்டிருந்தாள். அங்கே எவனும் வரமாட்டான் என்ற தைரியத்தில் இரை தேடக் கீழே இறங்கினாள். அன்றைக்கென்று பார்த்து ஓர் ஆடு அந்தப் பாறையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டது. அவள் திரும்புவதற்குள்ளேயே சிங்கத்தின் உத்தரவு வந்துவிட்டது. சான்றிதழ் இல்லாமல் இனி யாரும் பாறை ஏறக் கூடாது. அடிவாரத்தில் ஒரு மந்தியைக் காவலுக்கு நிறுத்தினார்கள். முட்டைகள் மேலே மாட்டிக்கொண்டன, தாய் கீழே மாட்டிக்கொண்டாள்.

பாறையேற்ற அலுவலகம் ஒரு குகையில் இருந்தது. வாசலில் வரிசை நின்றது. வரிசையில் நின்றபடி வடிவாம்பாள் அறிவிப்புப் பலகையைப் படித்தாள். அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர். சதானந்தம், சாரைப்பாம்பு. ஏறும் நாள், வெள்ளிக்கிழமை. ஏறும் நோக்கம், சிற்றுண்டி. அன்று புதன்கிழமை. அவளுக்கு வால் நுனி வரை சில்லிட்டது.

அலுவலராக இருந்த கரடியின் பெயர் ஜம்புலிங்கம். அவர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார்.

“பசையின் பெயர்ங்கிற இடத்துல ‘இல்லை’ன்னு எழுதியிருக்கியேம்மா?”

தான் பசை எதுவும் பூசுவதில்லை என்றாள் வடிவாம்பாள். பிறகு எப்படி ஒட்டுகிறாய் என்று கேட்டார் கரடி. அவள் பொறுமையாகவே சொன்னாள். தன் பாதத்தில் கண்ணுக்குத் தெரியாத முடிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொரு முடியும் நுனியில் நூற்றுக்கணக்காகப் பிரிகிறது, அந்த நுனிகள் பாறையை ஒட்டி உரசுகிற அளவுக்கு நெருங்கிப் போகின்றன. அவ்வளவு நெருக்கத்தில் இந்தப் பக்கத்து மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு கணம் ஒருபுறமாகச் சாயும். அதைப் பார்த்து அந்தப் பக்கத்து மூலக்கூறிலும் சாயும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அதற்கு வாண்டர்வால்ஸ் விசை என்று பெயர்.

கரடி கையேட்டைப் புரட்டினார். அந்த விசைக்கு நேராக ‘மிகவும் பலவீனமானது’ என்று போட்டிருந்தது. அதைத் திருப்பி அவளுக்கே காட்டினார். பலவீனமான விசையை நம்பி ஒரு தாய்க்குலத்தை மேலே அனுப்பிவிட்டு நாளைக்கு யார் பதில் சொல்வது என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

“ஒண்ணொண்ணா பாத்தா பலவீனந்தான் ஐயா. கோடிக்கணக்குல சேருதில்ல?”

“கோடி பலவீனம் ஒண்ணா சேர்ந்தா அது ரொம்பப் பெரிய பலவீனம்மா,” என்றார் கரடி.

வேறு வழி தெரியாமல் வடிவாம்பாள் விறுவிறுவென்று குகைச் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நின்று, ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் எடுத்துக் காட்டினாள். வரிசையில் இருந்தவர்கள் வாய் பிளந்தார்கள். கரடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அரசுக் கூரையில் அனுமதியின்றி ஏறியதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை எழுதி, அவள் இறங்கி வரும்வரை காத்திருந்து கையில் கொடுத்தார்.

வெளியே வந்து அழுதுகொண்டிருந்தவளைப் பக்கத்துக் குட்டையிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். தண்ணீர் மேல் காலூன்றி ஓடுகிற பூச்சி, பெயர் தணிகாசலம். அவனுக்கும் இதே சங்கடம் வந்திருந்ததாம். குட்டையைக் கடக்கப் பயன்படுத்தும் படகின் விவரம் கேட்டார்களாம். தனக்குப் படகே கிடையாது, தண்ணீரின் மேற்பரப்பு தோல் மாதிரி இழுத்துப் பிடித்துத் தாங்குகிறது என்று ஆறு மாதம் எழுதி எழுதிச் சலித்துப்போய், கடைசியில் ‘ஆறு துடுப்புப் படகு’ என்று தன் கால்களை எழுதிக் கொடுத்தானாம். அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டது.

அது பொய்யில்லையா என்று கேட்டாள் வடிவாம்பாள்.

“அக்கா, கரியமில வாயு இருக்கே, அதோட மூலக்கூறு கோல் மாதிரி நேரா நிக்கும். ரெண்டு பக்கமும் சமமா இழுக்கிறதால எந்தப் பக்கமும் சாயாது. பாவம், பக்கத்துல யாரையும் சரியாப் பிடிச்சுக்கத் தெரியாம காத்தோட காத்தாப் போகுது. தண்ணி மூலக்கூறு வளைஞ்சது. அதனால ஒரு பக்கம் நேர்மின் சாயல், மறுபக்கம் எதிர்மின் சாயல். வளைஞ்சதாலதான் ஒண்ணையொண்ணு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு என்னையும் தாங்குது. நீங்க கொஞ்சம் வளைஞ்சா என்ன?”

வடிவாம்பாள் அன்று முழுக்க யோசித்தாள். அவள் வம்சத்தில் யாரும் பொய் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு யாரும் எதையும் கேட்டதில்லை என்பதும் உண்டு. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை புதுப் படிவத்தில் ‘வாண்டர்வால்ஸ் பசை’ என்று எழுதி நீட்டினாள்.

கரடி அதை இரண்டு முறை வாசித்தார். “வெளிநாட்டுச் சரக்கா?”

“ஆமாங்க ஐயா.”

முத்திரை விழுந்தது. காவல் மந்தியின் கண்ணெதிரே பசையைப் பூசிக்கொண்டுதான் ஏற வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் கீழே எழுதியிருந்தது.

வெள்ளி காலையில் வடிவாம்பாள் பசை என்று காட்ட ஒரு கொட்டாங்குச்சி நிறையக் குட்டைத் தண்ணீரோடு அடிவாரத்துக்கு வந்தாள். சதானந்தம் அதற்குள் பாதிப் பாறை ஏறிவிட்டிருந்தான். மந்தி ஒரு விரல் விடாமல் பூசச் சொன்னது. பூசினாள். பாறையில் காலை வைத்தாள், வழுக்கி விழுந்தாள். முடிகளுக்கும் பாறைக்கும் நடுவில் தண்ணீர் புகுந்துகொண்டால் நெருக்கம் ஏது? மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். ஈரம் காயட்டும் என்று வெயிலில் பாதங்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, மேலே பாம்பின் வால் விளிம்பைத் தாண்டி மறைவதைப் பார்த்தாள். 

கால் காய்ந்த மறு நொடி ஓடினாள். இப்படி ஓர் ஓட்டம் அவள் ஓடியதே இல்லை. அடிப்புறத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சதானந்தம் விளிம்பில் வாலை ஊன்றி, தலையை வெடிப்புக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டியிருந்தான். வடிவாம்பாள் நேரே போய் வெடிப்பை மறைத்துக்கொண்டு தலைகீழாக நின்றாள். முட்டையோடு தாயும் கிடைக்கிறாள் என்பதுபோல அவன் சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீண்டான். சுற்றிப் பிடிக்க அங்கே ஒரு மேடு பள்ளம் கிடையாது. சான்றிதழில் ‘பிடி: மிகப் பலமானது’ என்று வாங்கியிருந்த சதானந்தம், அவள் கண்ணெதிரே பாறையை விட்டு உரிந்து, கீழே போய் விழுந்தான். அப்புறம் அசையவில்லை.

விசாரணை நடந்தது. பசை பூசாததே சாவுக்குக் காரணம் என்று ஜம்புலிங்கம் அறிக்கை எழுதினார். அதைப் படித்த சிங்கம், காட்டில் எல்லோரும் கட்டாயமாக வாண்டர்வால்ஸ் பசை பூச வேண்டும் என்று உத்தரவிட்டு, வடிவாம்பாளைப் பசை வாரியத்தின் தலைவியாக்கியது. முதல் நாள் உண்மையைச் சொல்லிவிடத்தான் போனாள். ஆனால் இருக்கை சிங்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, உட்காரவும் சுகமாக இருந்தது. குட்டைத் தண்ணீர் குடம் குடமாக வந்தது. பூசியவர்கள் எல்லாரும் வழுக்கி விழுந்தார்கள். போதுமான அளவு பூசவில்லை என்று அவளே குறிப்பெழுதினாள்.

மூன்றாம் வாரம் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் இரண்டும் வெறும் காலோடு பாறையிலிருந்து தலைகீழாக இறங்கி, சுவரேறி, அம்மாவைத் தேடி வாரியத்துக்கே வந்து நின்றன. வடிவாம்பாளுக்குக் கண் நிறைந்தது. பக்கத்தில் சிங்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பசை பூசாம எப்படி இறங்குனீங்க?” என்று கேட்டு, இரண்டு குறிப்பாணைகளைக் கையில் எடுத்தாள்.

நீதி: ஒட்டிக்கொள்வதற்குப் பலம் தேவையில்லை. மிக மிக அருகில் போய்விட்டால் போதும்.