மலைமுதுகு பிடிபட்ட விவரம்

தகாவோகா,
ஜூலை 6, ஞாயிறு மாலை.

பெருமதிப்பிற்குரிய கஸுயோ அக்காவின் சமூகத்துக்கு,

தம்பி தெத்சுரோ இடுப்பு வளைய வணங்கி எழுதிக்கொண்டது. மழை விட்டும் விடாமலும் பெய்து, கோவில் படியோரத்து நீலப்பூக்கள் எல்லாம் தலை துவட்டாத பிள்ளைகளைப்போல் நிற்கும் இந்நாளில், கம்பி வைத்துத் தைத்த உன் இடது கால் நாளுக்கு நாள் தேறி வருகிறது என்று நம்புகிறேன். நானும் என் வீட்டுக்காரி மிதோரியும் சௌக்கியம். உன் பூனை எங்களைவிடச் சௌக்கியம். இதையெல்லாம் கைப்பேசியில் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் கைப்பேசி என் சட்டைப்பையில் இருக்கிறதே, அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தபால்தலையை நக்குகிறேன்.

நீ எதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மலைமுதுகைப் பிடித்தோமா, இல்லையா? வரிசையாகத்தான் சொல்வேன். நீ கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் என்பதால் வேண்டுமென்றே பக்க எண் போடாமல் விட்டிருக்கிறேன்.

படியில் சறுக்கி விழுந்து, எலும்பு முறிந்து, ஆம்புலன்ஸில் ஏற்றுகிறபோதுகூட நீ ‘வலிக்குது’ என்று சொல்லவில்லை. என் கையில் கைப்பேசியைத் திணித்து, “தெத்சுரோ, ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குள்ள மலைமுதுகு” என்றாய். அந்த மருத்துவப் பணியாளர் நான் உன் கணவன் என்று நினைத்து, மலைமுதுகு என்பது உன் மருந்தோ என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். பொய்யில்லையே! முந்நூற்றுப் பன்னிரண்டு மிருகங்கள் உள்ள கைப்பேசி விளையாட்டில் முந்நூற்றுப் பதினொன்றைப் பிடித்துவிட்டு, ஏட்டில் ஒரே ஒரு கட்டம் சாம்பல் நிறமாக இருப்பதைத் தினமும் பார்க்கிறவளுக்கு வேறென்ன மருந்து? ஐந்து மணிக்கு அந்த மலைமுதுகு ஆமை போய்விட்டால் மறுபடி எப்போது வருமோ யாருக்கும் தெரியாது. போன தடவை வந்து மூன்று வருஷமாகிறது.

ஐம்பத்தெட்டு வயதில் கோவில் வாசலில் நின்று கண்ணாடித்திரையைத் தேய்க்கிறாளே என்று உன்னைப் பற்றி நான் ஊரெல்லாம் கேலி பேசியவன். அதற்கெல்லாம் சேர்த்து இந்த மூன்று நாளில் அனுபவித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, ஓட்டுநர் பள்ளியில் கடைசி மாணவி நடைபாதையில் வண்டி ஏற்றாமல் இறங்கியதும், நேரே கோவில் வாசலுக்குப் போனேன். உன் அணி மூன்று பேரும் கல்தோரணத்தின் கீழ் நின்றிருந்தார்கள். சலவைக்கடை குராமோச்சி அம்மா, சொல்லைக்கூட இஸ்திரி போட்டு மடித்துத்தான் வெளியே எடுப்பவர். டாக்ஸி ஓட்டும் ஹத்தோரி, நிற்கும்போதும் வலது காலால் ஏதோ ஒன்றை மிதித்துக்கொண்டே இருக்கிறார். அப்புறம் புத்த மடத்துக் கெய்டோ சாமி. தன் மடம் நூறு அடி தூரத்தில் சும்மா கிடக்க, அடுத்த சாமியின் வாசலில் வந்து நிற்கிறார். கேட்டால், “ஆமை இங்கதானப்பா இறங்குது, நான் என்ன செய்ய?” என்கிறார்.

“கஸுயோ அம்மாவோட இடத்துல நிக்கிறீங்க. என்ன கொண்டு வந்திருக்கீங்க?” என்று கேட்டார் குராமோச்சி அம்மா.

“எரிமலைக் காண்டாமிருகம். அக்கா பெட்டியில இருக்கறதுலயே பெருசு இதுதான்.”

மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். “அபாரம்” என்றார் ஹத்தோரி. நம் ஊரில் மூச்சை உள்ளே இழுத்து அபாரம் என்று சொன்னால் வீட்டுக்குப் போ என்று பொருள் என்பதை நான் மறந்துவிட்டேன்.

அந்த விளையாட்டின் சட்டம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நாலு பேர், ஆளுக்கு ஒரு மிருகம், எல்லோருக்கும் பொதுவாக ஐந்தே நிமிஷம். யாருடைய மிருகம் அடிபட்டு விழுந்தாலும் அந்தப் பொதுநேரத்தில் அரை நிமிஷம் போய்விடும். என் காண்டாமிருகம் பாய்ந்தது, ஆமை ஒரு காலைத் தூக்கி வைத்தது, என்னுடையது விழுந்தது. உடனே நான் கைப்பேசியை இறக்கி மூன்று பேருக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். நான் குனிந்திருந்த நேரத்தில் அது எழுந்து மறுபடி விழுந்தது. அதற்கும் குனிந்தேன். நான் குனிந்தால் அவர்கள் சும்மா இருப்பார்களா, “பரவாயில்லை, பரவாயில்லை” என்று அவர்களும் குனிந்தார்கள், அதில் சாமியின் மிருகமும் விழுந்தது. ஐந்து நிமிஷ ஆட்டத்தை இரண்டு நிமிஷத்தில் முடித்த பெருமை என்னுடையது. அதையே ஆறு தடவை செய்தோம்.

“நாளைக்குப் பாத்துக்கலாம். அக்கா பெட்டி நிறைஞ்சிருக்கும், இடம் பண்ணி வைங்க. இல்லன்னா ஆமை விழுந்தாலும் வைக்க இடமிருக்காது” என்றார் ஹத்தோரி.

நான் சொன்னால் சொன்னபடி கேட்கிறவன். வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட உட்காராமல், பெட்டியில் இருந்ததிலேயே நோஞ்சானாகப் பார்த்துப் பதினொன்றை அவிழ்த்து விட்டேன். உன் பச்சை நரியை மட்டும் தொடவில்லை, அக்கா. காய்ச்சலோடு நாலு நாள் கொட்டும் பனியில் நின்று பிடித்த உயிர் அது என்று எனக்குத் தெரியாதா! மற்றதெல்லாம் வெளிறிப்போய், இரண்டு இலையும் ஒரு தண்டுமாக, அடித்தால் கொசுகூடச் சாகாத ஜென்மங்கள். அதில் ஒன்றுக்கு நீ ‘முளைப்பயறு’ என்று பெயர் வைத்திருந்தாய். அதைப் படித்துச் சிரித்துக்கொண்டேதான் பொத்தானை அமுக்கினேன்.

சனிக்கிழமை காலையில் மிதோரி உன் கைப்பையிலிருந்து நீ ஆட்டக் குறிப்பு எழுதும் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். படித்தேன். மறுபடி படித்தேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். அக்கா, நீ இதை எங்கே கற்றாய்? முப்பது வருஷம் மீன் பதப்படுத்தும் ஆலையில் வரிசை மேற்பார்வை பார்த்ததிலா? ‘ஆமையின் ஓடு இளகாமல் ஒருவரும் அடிக்கக் கூடாது. ஓட்டை இளக்குவது குராமோச்சியின் நுரைத்தவளை. சாமியின் மிருகம் அடிக்கவே வேண்டாம், மணியடித்து ஹத்தோரியின் புலிக்கு வெறி ஏற்றினால் போதும். ஹத்தோரி அவசரக்காரர், மூன்றாவது மணிக்கு முன் கையை நீட்டினால் ஏதாவது தின்னக் கொடு. யாரும் விழாமல் பார்த்துக்கொள்வது முளைப்பயறு. அது ஒன்று இருந்தால் இவர்கள் மூன்று பேரும் வீரர்கள். இல்லாவிட்டால் மூன்று பேர்.’

கடைசி வரியைப் படித்ததும் பெட்டியைத் திறந்து முளைப்பயறைத் தேடினேன். அவிழ்த்துவிட்டது திரும்பி வராது.

அந்த நோட்டின் பின்னட்டையில், உனக்கு முடியாமல் போனால் யாரைச் சேர்க்கலாம் என்று ஒரு பட்டியலும் இருந்தது. சாமியின் மனைவி, தபால்காரர், பள்ளி முடிந்து வரும் யாராவது. எல்லாவற்றுக்கும் கீழே, ‘தெத்சுரோ. வேறு வழியில்லை என்றால். இவனுக்கு பிரேக் மட்டும்தான் தெரியும்.’ நான் கோபித்துக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பிரேக்கை மட்டும் மிதித்துப் பிழைக்கிறவனை வேறெப்படி எழுதுவது?

அன்று மத்தியானம் தோரணத்தின் கீழ் மூவரிடமும் உண்மையைச் சொன்னேன். ஹத்தோரி தலையில் கை வைத்தார். சாமி எதையோ முணுமுணுத்தார், மந்திரம் என்றே வைத்துக்கொள்வோம். குராமோச்சி அம்மா மட்டும், “முளைப்பயறையா?” என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் அது இல்லாமலே நாலு ஆட்டம் ஆடினோம். ஆமையின் உயிர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவே இல்லை.

கிளம்பும்போது குராமோச்சி அம்மா தன் கைப்பேசியை என்னுடையதோடு ஒட்ட வைத்தார். ஏதோ பறந்து வந்தது. வெளிறிப்போய், இரண்டு இலை, ஒரு தண்டு. பெயர் ‘வெள்ளாவி’.

“முளைப்பயறு சாதிதான். என்கிட்ட சும்மா கிடக்கு. கடையில மிஞ்சின துண்டு ஒண்ணு குடுத்தேன்னு நினைச்சுக்கங்க.”

“அம்மா, இதுக்கு வயசு மூணு வருஷம்னு போட்டிருக்கே. நீங்க முதமுதல்ல பிடிச்சதுன்னும் போட்டிருக்கு.”

“எழுத்தெல்லாம் படிக்கத் தெரியுதே! அப்ப நோட்டையும் படிச்சுட்டு அவுத்து விட்டிருக்கலாம்ல?” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஞாயிறு. மழை. நாலு குடை, நாலு கைப்பேசி, மிதோரி கட்டிக் கொடுத்த பதினாறு அரிசி உருண்டை. அதில் பாதி ஹத்தோரியின் கையைக் கட்டிப்போட மட்டும். நான் உன் நோட்டின்படி ஆமையை அடிக்கவே இல்லை. யார் வாடினாலும் வெள்ளாவியை விட்டு ஒரு தடவு தடவினேன். அது என்ன வேலை தெரியுமா, அக்கா? என் வேலைதான்! பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மோதப்போகிற நொடிக்கு முன்னால் காலை வைப்பது. முதல் இரண்டு ஆட்டம் தோற்றோம், ஆனால் ஒருவர்கூட விழவில்லை. தவளை நுரை கக்கி ஓடு இளக, சாமி மூன்று மணியும் அடித்து முடிக்க, புலி அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஒரே அடியாய் இறக்கியபோது, சைக்கிளில் போன பெண்மணி ஒருத்தி எங்கள் கூச்சலுக்குப் பயந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். இந்த நாலு பேரையும் இந்த வரிசையில் நிறுத்தியவள் நீ என்று நினைக்க நினைக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. நுரைக்கிறவரைச் சலவைக்கடையிலும் மணியடிக்கிறவரை மடத்திலும் தேடிப் பிடித்திருக்கிறாயே!

மணி நாலு ஐம்பத்து நாலு. கடைசி ஆட்டம். ஆமையின் உயிர் ஒரு மயிரிழை. ஒரு தட்டு தட்டினால் போதும். பொதுநேரம் நாற்பது வினாடி பாக்கி. அப்போதுதான் வந்தது ஆபத்து. கடைசி அடி யாருடையதோ அவர் பெயர் தங்க எழுத்தில் எல்லோர் திரையிலும் வரும். அந்த மரியாதையை முந்திக்கொண்டு எடுக்கிற அளவுக்கு அங்கே யாரும் வளர்ப்பு சரியில்லாதவர்கள் இல்லை. புலி கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

“சாமி, நீங்க அடிங்க.”

“சேச்சே, நான் சந்நியாசி. குராமோச்சி அம்மா, நீங்கதான்.”

“வயசுல பெரியவங்களை விட்டுட்டு நானா? ஹத்தோரி, நீங்களே அடிச்சிடுங்க.”

“ஐயையோ, நான் ஏற்கெனவே நிறைய அடிச்சிட்டேன்.”

இருபது வினாடி. ஆமையே ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, நான்தான் பெரியவர்கள் பந்தியில் ஓரமாக உட்கார வைத்த சின்னப்பிள்ளை ஆயிற்றே. ஆனால் மூன்று குடையும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின.

“அது கஸுயோ அம்மாவோட இடம்” என்றார் குராமோச்சி அம்மா. “அவங்க பேரு வரட்டும். அடி, தம்பி!”

வெள்ளாவி தன் இரண்டு இலைகளில் ஒன்றை எடுத்து, கொசு விரட்டுகிற மாதிரி ஆமையின் மூக்கில் ஒன்று வைத்தது. அவ்வளவுதான். மலை சாய்ந்தது. நாலு திரையிலும் தங்க எழுத்தில் ‘கஸுயோ’. சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மழைச்சாரலாம். பிறகு நாலு பேர் கையிலும் ஆளுக்கு ஒரு மலைமுதுகு விழுந்தது. நாலு ஐம்பத்தாறு. உன் ஏட்டில் சாம்பல் கட்டம் ஒன்றுகூட இல்லை, அக்கா. முந்நூற்றுப் பன்னிரண்டு!

முளைப்பயறுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த முறை எதுவும் விழாது என்பதால் நிதானமாகவே குனிகிறேன். உன்னைக் கேலி பேசியதையும் இந்தக் கடிதத்தோடு திரும்ப வாங்கிக்கொள்கிறேன். காலை அவசரப்பட்டு ஊன்றாதே. கஞ்சி உப்பில்லாமல் இருக்கிறது என்று மருத்துவமனைச் சமையலறைக்குப் போய்ப் புத்தி சொல்லாதே. உன் உடம்பு பத்திரம் என்று மிதோரியும், உன் நாற்காலி தன்னுடையதாகிவிட்டது என்று பூனையும் சொல்லச் சொன்னார்கள்.

உன் நிழலில் நிற்கிற,
தெத்சுரோ.

பி.கு. (திங்கள் மாலை): உறையை ஒட்டுவதற்குள் ஒரு சின்ன விஷயம். வெள்ளாவியை வாங்கிக்கொண்டு கை வீசி வருகிற குடும்பமா நம்முடையது? யாராவது முள்ளங்கி கொடுத்தால் மறுநாளே பாதி முள்ளங்கிக்காவது பதில் மரியாதை செய்யாமல் அப்பா தூங்கியதுண்டா? அதனால் இன்று காலை உன் பெட்டியிலிருந்து குராமோச்சி அம்மாவுக்குப் பதில் அன்பளிப்பு அனுப்பினேன். முதன்முதல் பிடித்ததை அல்லவா அவர் கொடுத்தார், அற்பமாக எதையாவது அனுப்பினால் நன்றாயிருக்காது என்று, இருப்பதிலேயே கனமானதாகப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று போட்டிருந்தது. ஓடும் பளபளவென்று இருந்தது.

ஒருமுறை கைமாறிய மிருகம் கொடுத்தவரிடமே திரும்பி வராதாம். கொடுத்தவர் ஏட்டில் அந்தக் கட்டம் மறுபடி சாம்பலாகிவிடுமாம். இதை மத்தியானம் குராமோச்சி அம்மா, வெளிறிய முகத்தோடு, வாசலில் நின்று சொன்னார். இவ்வளவு பெரிய அன்பளிப்பைச் சும்மா எப்படி வாங்குவது என்று இரண்டு முலாம்பழம் கொண்டுவந்திருந்தார், மரப்பெட்டியில், வைக்கோல் மேல்.

இனி அதற்கு நாம் பதில் செய்தாக வேண்டும். அக்கா, அந்தப் பச்சை நரி உனக்கு ரொம்ப வேண்டியதா?