அடிமட்டம் அக்கா அடித்துத் தந்த கடிதம்

மாங்குளத்தில் இன்று மாதச் சம்பளம் எடுக்கிற எவரும், ஒருமுறையாவது அடிமட்டம் அக்காவிடம் பேச்சு வாங்காமல் அந்த வேலைக்குப் போயிருக்க முடியாது. பேச்சு வாங்கப் பயந்தவர்கள் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு போட்டோக்கொப்பிக் கடை. அங்கே கணினியில் கடிதம் அடித்துத் தருவதுதான் அக்காவின் தொழில். சொந்தப் பெயர் ஏதோ இருக்கவேண்டும். கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை. கையில் எந்நேரமும் ஒரு மர அடிமட்டம், பன்னிரண்டு அங்குல அளவுகோல். வேலை கேட்டு எழுதுகிற கடிதம் அதில் பாதிக்கு மேல் நீளக்கூடாது என்பது கடைச் சட்டம். நாங்கள் எழுதிக்கொண்டு போகிற தாளின்மேல் அதை வைப்பார். ஆறு அங்குலத்துக்குக் கீழே கடவுளே வந்து எழுதியிருந்தாலும் கிழித்துவிடுவார்.

எங்கள் பக்கத்து ஆட்களின் கை, நிவாரணத்துக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் வருடக்கணக்காக விண்ணப்பம் எழுதிப் பழகிய கை. என்ன வேலைக்கு எழுதினாலும் போரில் எத்தனை தரம் இடம்பெயர்ந்தோம், எத்தனை ஆடு போனது, கூரை எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்றுதான் அது ஓடும். அக்காவுக்கு அதைக் கண்டால் ஆகாது.

நான் போன அன்று எனக்கு முன்னால் லொறி ஓட்டுகிற வேலைக்கு ஒருவர் நின்றார்.

“அண்ணை, இந்த மூண்டு பிள்ளையளும் லொறி ஓட்டுங்களோ?”

“இல்லைத் தங்கச்சி, கடைசி பால்குடி.”

“அப்ப ஏன் அதுகளைக் கடிதத்திலை ஏத்தினனீங்கள்? இறக்குங்கோ. எங்கையாவது இடிச்சனீங்களோ?”

“ஒரேயொருக்கா. மாடு. அதுவும் மாட்டின்ரை பிழை.”

“அதை எழுதவேண்டாம்.”

அடுத்தவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ‘சவால்களை எதிர்கொள்ளும் ஆற்றல் மிக்கவன்’ என்று கைபேசியில் பார்த்து எழுதி வந்திருந்தார்.

“என்ன சவாலை எதிர்கொண்டனீர்?”

அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். “இப்ப உங்களைத்தான், அக்கா.”

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அந்த வரியைக் கிழிக்கவும் இல்லை.

பிறகு நான். புதிதாகத் திறந்த நெல் ஆலைக்கு வாசல் பார்க்க ஆள் தேவைப்பட்டது. அறுவடைக் காலத்தில் நெல்லோடு உழவு இயந்திரங்கள் வந்து குவியும், யார் முதலில் நிறுப்பது என்று சண்டை வரும், அதை ஒழுங்குபடுத்தவேண்டும். அன்று பின்னேரத்துக்குள் கடிதம் போய்ச் சேரவேண்டும். எங்கள் வயல் இரண்டு போகமும் கைவிட்டிருந்தது. இந்த வேலையும் இல்லையென்றால், மகளை மச்சாளிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று பெட்டியும் கட்டியாயிற்று.

என் கடிதத்தில் முதல் ஐந்து அங்குலமும் கண்ணீர்.

“ஒன்பது தரம் இடம்பெயர்ந்தது. சரி. ஒன்பது தரம் ஓடின ஆளை அந்த மனுசன் ஏன் வாசலிலை நிப்பாட்டப்போறார்?”

கடை சிரித்தது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

“நீர் வேலை கேக்கிறீரோ, நிவாரணம் கேக்கிறீரோ?”

“வேலைதான், அக்கா.”

“அப்ப என்ன தெரியும் எண்டு சொல்லும்.”

“ஒண்டும் தெரியாது. பத்தாம் வகுப்போடை நிண்டுட்டன். சான்றிதழும் துலைஞ்சுபோச்சு.”

“முகாமிலை சும்மாவோ இருந்தனீர்?”

“தண்ணித் தாங்கியடியிலை வரிசை பாத்தனான்.”

அடிமட்டம் மேசையில் விழுந்தது.

“சனம் அடிபடேல்லையோ?”

“முதல் கிழமை அடிபட்டது. பிறகு இல்லை. நான் ஒருத்தரையும் முன்னுக்கு விடேல்லை. என்ரை மாமியையும் விடேல்லை.”

“மாமி இப்ப கதைக்கிறவாவோ?”

“இன்னும் இல்லை.”

“இதை வைச்சுக்கொண்டோ ஆட்டுக் கணக்கு எழுதிக்கொண்டு வந்தனீர்!”

அவர் அடித்தது இவ்வளவுதான்: ‘தங்கள் ஆலையின் வாசல் பொறுப்புக்கு விண்ணப்பிக்கிறேன். முகாமில் ஒரு வருடம் தண்ணீர்த் தாங்கியடியில் வரிசை பார்த்தேன். யாரையும் முன்னுக்கு விடவில்லை. என் மாமியையும் விடவில்லை. என் வரிசையில் ஒரு குடமும் உடையவில்லை. நாளைக்கே வேலைக்கு வரலாம்.’

மாமியை எடுத்துவிடும்படி கெஞ்சினேன்.

“அவாதான் உம்மடை சான்றிதழ்” என்றார் அக்கா.

ஆலை முதலாளி அதை இரண்டு தரம் வாசித்தார். “இந்த மாமி கதை உண்மையோ?” என்று மட்டும் கேட்டார். “ஓம்” என்றேன். நேர்முகப் பரீட்சை முடிந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியை அவிழ்த்தபோது மகள் அதற்குள் ஏறி இருந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாள்.

முதல் அறுவடையில் ஒரு நாள், உச்சி வெயிலில், தமையனின் நெல் ஏற்றிய உழவு இயந்திரத்தில் அடிமட்டம் அக்காவே வந்து இறங்கினார். வரிசையில் பன்னிரண்டாவது. நேரே என்னிடம் வந்தார்.

“எங்கடை மிசினை முன்னுக்கு விடும். கடையைப் பூட்டிப்போட்டு வந்தனான்.”

பதினொரு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“வரிசையிலை நில்லுங்கோ, அக்கா.”

“உமக்குக் கடிதம் அடிச்சது ஆரெண்டு மறந்துபோச்சோ?”

“மறக்கேல்லை அக்கா. அதாலைதான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா வாய் வந்திட்டுது உமக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தார்.

ஆலையில் நான் உட்காரவென்று தந்திருந்தது ஒரேயொரு கதிரை. அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பன்னிரண்டாவது உழவு இயந்திரத்தின் நிழலில் போட்டுவிட்டு, பின்னேரம்வரை நின்றபடியே வேலை பார்த்தேன்.