படுக்கிற அறையும் படுக்கையறையும்

அன்பு நிறைய, மரியாதை இந்த முறை அளவோடு, மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஊராருக்கு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டில் குறட்டை விடுகிறவர்களுக்கு என்ன குறைச்சல் வந்துவிடப் போகிறது?

விஷயத்துக்கு வருகிறேன். டிப்போவில் பஸ் வருகிற நேரமும் போகிற நேரமும் எழுதியே தலை நரைத்த நான், ஓய்வு பெற்ற கையோடு இந்த அடுக்குமாடி வீட்டை யார் பேச்சைக் கேட்டு வாங்கினேன் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. "மூணு பெட்ரூம் மாப்பிள்ளை! இந்த ஏரியால இது குதிரைக் கொம்பு. கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்றீர்கள். நானும் மூடிக்கொண்டேன். இப்போது மகள் இருக்கிற ஊருக்கே போய்விடலாம் என்று வீட்டை விற்கக் கிளம்பினோமா, வாங்க வந்த தம்பதியின் வங்கியிலிருந்து வீட்டை மதிப்புப் போட ஓர் ஆள் வந்தார். சின்னப் பையன் மாதிரி முகம், நீதிபதி மாதிரி நடை. கையில் ஒரு கருவி. அதை அமுக்கினால் சுவரில் சிவப்புப் பொட்டு விழுகிறது, அறையின் நீளம் தெரிந்துவிடுகிறது. முதல் அறையில் பொட்டு வைத்தார், தலையாட்டினார். இரண்டாவதிலும் ஆட்டினார். மூன்றாவது அறை வாசலில் வந்து நின்றவர் உள்ளேகூட வரவில்லை. "இது என்ன சார்?" என்றார்.

"பெட்ரூம்" என்றேன்.

"யாருக்கு?"

உங்கள் தங்கை முந்திக்கொண்டாள். "எங்க அண்ணன் வந்தா இங்கதான் படுப்பாரு."

"அவர் எவ்வளவு உயரம் மேடம்?" என்று கேட்டார் அந்த மனுஷர். கிண்டல் இல்லை மச்சான், தொழில் சம்பந்தமான கேள்வியாகத்தான் கேட்டார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். படுக்கையறை என்றால் வெளிக்காற்று வருகிற ஜன்னல் வேண்டுமாம். கட்டிலைப் போட்ட பிறகும் கதவு மூட வேண்டுமாம். நெருப்பு, கிருப்பு என்றால் ஆள் தப்பிக்க வழி வேண்டுமாம். "இதுல எதுவும் இல்லையே சார், இது ஸ்டோர் ரூம்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, "இத்தனை வருஷமா இதுல ஆள் படுத்திருக்கே தம்பி!" என்றேன். "படுக்கிறது வேற சார், படுக்கையறை வேற. பஸ் ஸ்டாண்டுலகூடத்தான் ஆள் படுக்குது" என்றார். பாதி வயசு டிப்போவிலேயே படுத்து எழுந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? போட்டோ எடுக்க இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தரகரைக் கூப்பிட்டேன். அவருக்கு இந்தத் தெருவில் 'ஆயிடும்' என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பார். மறு நாளே ஒரு தச்சரோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் ஒரு முழத்தை அறுத்துப் போட்டுவிட்டார். இனிமேல் கதவு மூடும், ஆனால் படுப்பவன் மடங்க வேண்டும். காற்றே வராத அந்த ஜன்னலை மறைத்துப் பூப்போட்ட திரை. எல்லாம் முடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "சார், வெறும் கட்டில்னா நம்பிக்கை வராது. யாராவது தூங்கிட்டு இருந்தா அறைக்கே ஒரு களை வரும்" என்றார். உங்கள் தங்கை உடனே போர்வையை எடுத்து வந்துவிட்டாள். நல்லது கெட்டதுக்கு என்னை எழுப்பாதவள், நடிக்கச் சொன்னால் மட்டும் எப்படி ஓடி வருகிறாள் பாருங்கள்.

ஆக, மதிப்புப் போடுகிறவர் மறுபடி வந்தபோது நான் மூன்றாவது அறையில் முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடக்கிறேன். "பாருங்க சார், கதவு மூடுது!" என்று 'ஆயிடும்' அவரையும் உள்ளே கூட்டி வந்து மூடிக் காட்டினார். மூடிவிட்டது. உள்ளே நாங்கள் மூன்று பேர். கதவோ உள்பக்கம் திறக்கிற கதவு. மூன்று பேரும் நின்ற இடத்தில் நின்றால் அது எப்படித் திறக்கும்? தரகர் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டார். வந்தவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "சாரி சார்" என்று கட்டில்மேல் ஏறி என் தலைமாட்டில் மண்டியிட்டார். நானோ தூங்கிக்கொண்டிருக்கிறேன், எப்படிப் பதில் சொல்வது? வெளியிலிருந்து உங்கள் தங்கை, "என்னங்க, உள்ள சத்தத்தையே காணோம்?" என்று கதவைத் தள்ள, அது என் முட்டியில் வந்து இடித்ததில் "ஐயோ" என்று எழுந்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் திரையை விலக்கினார். பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் கழிவுக் குழாய் இறங்குகிற சந்து, சந்துக்கு மேலிருந்து மாடிவீட்டுக்காரர் தொண்டை கொப்பளிக்கிற கச்சேரி.

"தீப்பிடிச்சா எப்படி சார் வெளிய போவீங்க?"

"கதவு வழியாத்தான்."

"கதவுப் பக்கமே தீன்னா?"

"ஜன்னல் வழியா."

அவர் சந்தை ஒரு முறை எட்டிப் பார்த்தார். என்னையும் ஒரு முறை பார்த்தார். "இதுல இறங்கினீங்கன்னா நீங்க ஆள் இல்ல சார், அடைப்பு" என்றார். அத்தோடு கதை முடிந்தது. இரண்டு படுக்கையறை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வாங்க வந்தவர்களும் இரண்டு அறைக்கு உண்டான விலைதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சரி, கழுதை கெட்டதுதான் கெட்டது, அதில் ஒரு லாபமாவது பார்ப்போம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போனேன். இந்தக் கட்டடத்தில் பராமரிப்புக் கட்டணம் படுக்கையறைக் கணக்குக்குத்தான். "எனக்கு இரண்டுதான், குறைத்துப் போடுங்கள்" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வங்கிக்கு ஆயிரம் சட்டம் இருக்கும் சார். நம்ம சங்கத்துல ஆள் படுத்தா அது படுக்கையறை. நானே வந்து பாக்கறேன்" என்றார். வந்தார். நேரம் காலம் சொல்லாமல் வந்தார். அறுத்த கட்டிலில் மடங்கிக் கிடந்த நாளிலிருந்து இடுப்புப் பிடித்துக்கொண்டதால் நான் ஹாலில் சோபாவில் படுத்துக்கிடந்தேன். "இங்கயும் படுக்கறீங்களா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். மறுநாளே தகவல் வந்துவிட்டது: நான்கு படுக்கையறை. விற்கப் போனால் இரண்டு, கட்டணம் கட்டப் போனால் நான்கு. நீங்கள் சொன்ன அந்த மூன்று, மச்சான், இந்த உலகத்தில் உங்கள் வாயில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

இதை உங்கள் தங்கையிடம் சொன்னேன், சண்டை வந்துவிட்டது. "எங்க அண்ணன் காட்டத்தானே செஞ்சாரு? பாத்து வாங்கினது நீங்கதானே? கண்ணு எதுக்கு இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் பேச்சை நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. தட்டு மட்டும் வருகிறது, டம்ளர் மட்டும் வருகிறது. அவை வைக்கப்படுகிற சத்தத்தில் உங்கள் வம்சத்தின் கோபம் முழுக்கத் தெரிகிறது. ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் வீடு, மனை, வாசல், ஜன்னல் எதைப் பற்றியும் உங்கள் யோசனை எனக்கு வேண்டாம். நீங்கள் இங்கே வந்து தங்குவதாக இருந்தாலும், தங்குவதற்கு அறை இல்லை என்பதை மதிப்புப் போடுகிறவரே உறுதி செய்துவிட்டார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முட்டி வீங்கிய உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை பேசிவிட்டாள். மகள் ஊரில் நாங்கள் போகப் போகிற வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். அது நான் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்து, பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்த வீடு. நேற்று கூட்டிக்கொண்டு போனேன். அளவு நாடாவோடு வந்தாள். முதல் இரண்டு அறையும் பிரமாதம். மூன்றாவதில் நுழைந்தவள், சுவரில் ஒரு தண்ணீர்க் குழாயையும் தரையில் ஒரு சாக்கடை ஓட்டையையும் பார்த்துவிட்டு, "இதுல நம்ம படுக்கிறதா, இல்ல வாஷிங் மிஷினா?" என்று கேட்டாள். காற்றோட்டமான அறை என்று ஏதோ சொல்லி வைத்தேன். அண்ணன் வந்து பார்த்துச் சரி என்றால்தான் குடி வருவாளாம்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம், கிழித்துவிடுங்கள். வீடு பார்ப்பதில் நம் குடும்பத்தில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது என்பது என் நெடுநாள் கருத்து. உடனே கிளம்பி வாருங்கள். வந்து, அது படுக்கையறைதான் என்று உங்கள் வாயால் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். நீங்கள் வந்து சேருவதற்குள் அந்த அளவு நாடாவை நான் எங்கேயாவது ஒளித்து வைத்துவிடுகிறேன்.