பூஜை நாளில் நான் ஒன்றாக ஊற்றியது

இதை வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை. பாதி காலியான இரண்டு பாட்டிலைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஒன்றாக ஊற்றிவிடுவேன். (தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து தாளித்த குழம்பை எங்கள் வீடு சாப்பிட்டிருக்கிறது.)

எட்டாவதில் பெயிலான என்னை, மண்ணூர் பக்கம் பைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் ஷெட்டில் அண்ணன்தான் சேர்த்துவிட்டான். முதல் நாளே இரண்டு கேனைக் காட்டினான்.

"ஊதா கலரு கோபால்ட்டு. தண்ணி மாரி கீதே, அது கேட்டலிஸ்ட்டு. ரெண்டும் நேரா சேந்தா வெடிச்சிடும். மொதல்ல கோபால்ட்ட ரெசின் பிசின்ல நல்லா கலக்கு, அப்பாலதான் கேட்டலிஸ்ட்டு, பிசினு கெட்டியாயிடும். நம்ம வூட்டு மாமியா மருமவ மாரிடா. நடுவுல ஒருத்தன் நிக்கணும்."

"நீ நிக்கிற மாரியா?"

"ஆமா. நின்னு நின்னு நான் கெட்டியாயிட்டேன்."

சிரித்தேன். சிரித்ததில் பாடம் மறந்துவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. பிரஷ், ரோலர், தராசு எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று. அலமாரியில் அந்த இரண்டு கேன், அடியில் கொஞ்சம் கொஞ்சம். சாமிக்கு முன்னால் அரைகுறையாக வைக்கலாமா? (பக்தி.) ஊதாவை மற்றதில் ஊற்றினேன். பொட்டு வைக்கப் போனால் கேன் சுட்டது. புகை வந்தது.

"இன்னாடா ஊத்துன?"

"ஒண்ணா..."

அண்ணன் என் சட்டையைப் பிடித்து வெளியே எறிந்தான். அவன் வாசலைத் தாண்டும் முன் வெடித்தது. சாமி படம், பொரி, மறுநாள் போகவேண்டிய தொட்டி எல்லாம் எரிந்தன. பூசணிக்காயோடு வந்த முதலாளி அதை உடைக்க மறந்து, குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எவன்டா ஊத்துனது?"

நான் பூசணிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாங்க" என்றான் அண்ணன். புருவம் கருகி, முன்கை கொப்பளித்திருந்தது. அன்றே அவன் வேலை போயிற்று. என் வேலை இருந்தது.

வீட்டிலும் அதையேதான் சொன்னான். அம்மாவும் அண்ணியும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அவன் டம்ளரைத் தொட்டாலும், "தள்ளி நில்லுங்க, பத்திக்கும்" என்பாள் அண்ணி.

போன மாசியில் மஞ்சள் காமாலையில் அண்ணன் போய்விட்டான். காரியத்தன்று, வந்திருந்த பெண்களிடம் அண்ணி அந்தக் கதையைச் சொன்னாள். "ரெண்டையும் ஒண்ணா ஊத்திக்கினு, அதுக்குப் பொட்டு வேற வெக்கப் போனாராம்." அம்மா சிரித்துவிட்டாள். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்து, அப்படியே அழுதார்கள்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"இன்னாடா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுல்லம்மா. காபி கலக்கட்டுமா?"

"நீ கலக்காத. உங்கண்ணன் கை உனக்கும் இருக்கும்."